மனநிலையைக் கேட்காத நாள்காட்டி

மாணவர்களிடம் நாள்காட்டிகளுக்குப் பஞ்சமில்லை. பள்ளித் தவணைக்கு ஒன்று, தேர்வுக்கு ஒன்று, துணைப்பாட வகுப்புக்கு இன்னொன்று என்று கைப்பேசி நிறைய அட்டவணைகள்தாம். கத்தோலிக்க மாணவர்களுக்கு இவற்றோடு மேலும் ஒரு நாள்காட்டி உண்டு. அதில் புத்தாண்டு ஜனவரி 1ஆம் தேதி பிறப்பதில்லை. கிறிஸ்துமசுக்கு முன்வரும் நான்கு ஞாயிறுகளில் முதலாவது ஞாயிறன்று, அதாவது நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் இடைப்பட்ட ஒரு நாளில் அது தொடங்குகிறது. வாணவேடிக்கை கிடையாது. பசுந்தழை வளையத்தில் நான்கு மெழுகுவர்த்திகள் நிற்க, அவற்றில் ஒன்றை மட்டும் ஏற்றுவார்கள்.

இதைத் ‘திருவழிபாட்டு ஆண்டு’ என்கிறார்கள். திருவருகைக்காலம், கிறிஸ்து பிறப்புக்காலம், தவக்காலம், பாஸ்கா காலம், பொதுக்காலம் என்று அது பிரிகிறது. இயேசுவின் பிறப்பு, பாடுகள், மரணம், உயிர்ப்பு, போதனை ஆகியவற்றை ஒரே ஆண்டுக்குள் வரிசையாக நடந்து பார்க்கும் பயணம் அது. இன்றைய ஒழுங்குமுறை 1969ல் திருத்தந்தை ஆறாம் பவுல் காலத்தில் வந்தது. ஞாயிறு நற்செய்தி வாசகங்கள் மூன்று ஆண்டுச் சுற்றில் வருகின்றன. ஓராண்டு மத்தேயு, அடுத்த ஆண்டு மாற்கு, அதற்கடுத்து லூக்கா. யோவான் நற்செய்தி பெரும்பாலும் தவக்காலத்திலும் பாஸ்கா காலத்திலும் இடம்பெறும்.

இதையெல்லாம் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் படித்தாயிற்றே என்று சிலர் நினைக்கலாம். சிக்கல் அங்குதான் இருக்கிறது. பதின்ம வயதில் உறுதிபூசுதல் பெற்றதும் பலருக்கு அந்த வகுப்பு முடிந்துவிடுகிறது. பிறகு யாரும் வருகைப் பதிவு எடுப்பதில்லை. பலதுறைத் தொழிற்கல்லூரியும் தேசிய சேவையும் வார இறுதிப் பகுதிநேர வேலையும் வந்து சேர்கின்றன. எழுப்பிவிட அம்மா இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமையில், ஆலயத்துக்குப் போவதும் போகாததும் முதன்முறையாக நம் கையில் இருக்கிறது. அப்போது எதை வைத்து முடிவெடுப்பது? “இன்றைக்கு மனம் வரவில்லை” என்பதே அளவுகோலானால் விசுவாசம் சில மாதங்களில் கரைந்துவிடும். திருவழிபாட்டு ஆண்டு நம் மனநிலையைக் கேட்டுக்கொண்டு நடப்பதில்லை. இந்த வயதுக்கு அதன் பயனே அதுதான்.

பருவம் இல்லாத ஊரில் பருவங்கள்

இந்த ஆண்டுமுறை வடகோளத்து நாடுகளில் உருவானது. அங்கே டிசம்பரில் பகல் சுருங்கும், ஈஸ்டர் சமயத்தில் இளவேனில் பிறக்கும். இருளுக்குப் பின் ஒளி என்பதை அங்கே வானமே காட்டிவிடும். நிலநடுக்கோட்டுக்கு அருகே இருக்கும் நமக்கு ஆண்டு முழுவதும் பகலும் இரவும் ஏறக்குறைய சமம். டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை பெய்யும், அவ்வளவுதான்.

ஆகவே இங்குள்ள கத்தோலிக்கருக்கு வானிலை கைகொடுப்பதில்லை. காலம் மாறியதைக் குருவின் திருவுடையும் பாட்டும் சாப்பாடும்தான் சொல்ல வேண்டும். திருவருகைக்காலத்துக்கும் தவக்காலத்துக்கும் ஊதா நிறம். கிறிஸ்து பிறப்புக்கும் உயிர்ப்புக்கும் வெள்ளை. குருத்து ஞாயிறு, புனித வெள்ளி, தூய ஆவியார் பெருவிழா ஆகிய நாள்களில் சிவப்பு. மற்ற பெரும்பாலான வாரங்களில் பச்சை. சிங்கப்பூரில் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்காகக் கட்டப்பட்டு 1888ல் எழுந்த ஊஃபிர் சாலை லூர்து அன்னை ஆலயத்தில், தலைமுறை தலைமுறையாக இந்த நிறங்களைப் பார்த்தே மக்கள் காலம் அறிந்துவந்திருக்கிறார்கள். 2005 முதல் அவ்வாலயம் தேசிய நினைவுச்சின்னமாகவும் இருக்கிறது.

காத்திருக்கப் பழகுதல்

ஆர்ச்சர்ட் சாலையில் நவம்பரிலேயே விளக்குகள் எரியத் தொடங்கிவிடும். கடைத்தொகுதிகளில் கிறிஸ்துமஸ் பாட்டு ஒலிக்கும். டிசம்பர் 26 ஆனதும் அந்த ஆரவாரம் தணியத் தொடங்கிவிடும். ஆலயத்தில் நடப்பது நேர்மாறு. டிசம்பர் 24 மாலை வரை காத்திருப்பு. அதன் பிறகுதான் கொண்டாட்டம் தொடங்கி, ஜனவரியில் வரும் ஆண்டவரின் திருமுழுக்கு விழா வரை நீள்கிறது.

காத்திருப்பது மாணவர்களுக்குப் புதிதல்ல. சாதாரண நிலைத் தேர்வை எழுதி முடித்தவர்கள் முடிவுக்காக மறு ஆண்டு வரை காத்திருக்கிறார்கள். எந்தக் கல்லூரியில் இடம் கிடைக்கும், தேசிய சேவைக்கு எப்போது அழைப்பார்கள் என்பதெல்லாம் நம் கையில் இல்லாத விஷயங்கள். அந்த வாரங்களைக் கைப்பேசியைத் தேய்த்தே கழித்துவிடலாம். திருவருகைக்காலம் வேறு வழி காட்டுகிறது. வாரத்துக்கு ஒரு மெழுகுவர்த்தி, நாளுக்குப் பத்து நிமிட செபம். முடிவு நாம் விரும்பியபடி வராவிட்டாலும் கடவுள் வருவார் என்ற நம்பிக்கையில் நிற்கப் பழகுவது. மூன்றாம் ஞாயிறன்று ஊதாவுக்குப் பதில் இளஞ்சிவப்பு உடுத்தலாம். பாதி வழி தாண்டிவிட்டோம், மகிழுங்கள் என்று அதற்குப் பொருள்.

நெற்றியில் சாம்பல்

தவக்காலம் தொடங்கும் நாளைத் தமிழில் திருநீற்றுப் புதன் என்றும் சாம்பல் புதன் என்றும் சொல்கிறோம். விபூதிப் புதன் என்பது பழைய வழக்கு. முந்தைய ஆண்டின் குருத்தோலைகளை எரித்த சாம்பலைக் குரு நெற்றியில் பூசுவார். அந்தச் சாம்பலோடு விரிவுரைக்குப் போனால் யாராவது கட்டாயம் கேட்பார்கள். தினமும் திருநீறு பூசும் இந்து நண்பருக்கு மட்டும் அதிக விளக்கம் தேவைப்படாது. உடல் மண்ணாகும் என்ற நினைவு இரண்டிலும் இருக்கிறது.

இந்த நாள் நம் வசதி பார்த்து வருவதில்லை. 2024ல் அது பிப்ரவரி 14, காதலர் தினத்தன்று வந்தது. 2018ல் சீனப் புத்தாண்டு, தவக்காலத்தின் முதல் வெள்ளிக்கிழமையன்று வந்தது. தவக்கால வெள்ளிகளில் இறைச்சி உண்ணாதிருப்பது வழக்கம். ஆனாலும் குடும்ப விருந்தை மனத்தில் கொண்டு பல மறைமாவட்டங்களின் ஆயர்கள் அன்று விலக்கு அளித்தார்கள். விதி மனிதருக்காக என்பதும் இந்த நாள்காட்டிக்குள் அடக்கம்.

விதி என்ன? 14 வயது நிறைந்தவர்கள் குறிப்பிட்ட நாள்களில் இறைச்சியைத் தவிர்க்க வேண்டும். 18 வயது நிறைந்தவர்கள் திருநீற்றுப் புதனும் புனித வெள்ளியும் நோன்பிருக்க வேண்டும். முழு உணவு ஒரு வேளை, தேவையானால் சிறிதளவாக இன்னும் இரு வேளை. உடல்நலம் இல்லாதவர்களுக்கு இது பொருந்தாது. உணவு தொடர்பான மனநலச் சிக்கல் உள்ளவர்கள் உணவைத் தொடாமல் வேறொன்றை விடுவதே சரி.

நோன்பு, செபம், ஈகை ஆகிய மூன்றும் சேர்ந்ததுதான் தவம். திருநீற்றுப் புதனை அடுத்த வெள்ளியன்று திருப்பலியில் எசாயா நூலின் 58ஆம் அதிகாரம் வாசிக்கப்படும். பசித்தவரோடு உணவைப் பகிராத நோன்பு நோன்பே அல்ல என்பது அதன் சாரம். நாற்பது நாள் பபிள் டீ குடிக்காமல் மிச்சம் பிடித்த காசு மறுபடி நம் பைக்கே திரும்பினால் அதற்குப் பெயர் சிக்கனம். பிறர் பசிக்குப் போனால் அது தவம்.

மூன்று நாள்கள்

ஆண்டின் உச்சம் கிறிஸ்துமஸ் என்றே பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது பெரிய வியாழன் மாலை தொடங்கும் பாஸ்கா முப்பெரும் நாள்கள். இளவேனில் சமநாளாகத் திருச்சபை கணக்கிடும் மார்ச் 21 அன்றோ அதன் பின்போ வரும் முதல் பௌர்ணமியை அடுத்த ஞாயிறுதான் ஈஸ்டர். ஆகவே தேதி மாறிக்கொண்டே இருக்கும். 2024ல் மார்ச் 31, 2025ல் ஏப்ரல் 20, 2026ல் ஏப்ரல் 5. பங்குனிப் பௌர்ணமியைக் கணக்கு வைத்துப் பழகிய தமிழர்க்கு இது விநோதமாகத் தோன்றாது.

வியாழன் மாலை குருவே குனிந்து பிறர் பாதங்களைக் கழுவுகிறார். வெள்ளியன்று உலகில் எங்கும் திருப்பலி நிகழ்வதில்லை. பீடம் வெறுமையாக நிற்கும். தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் அன்று கஞ்சிதான் உணவு. சிங்கப்பூரில் அன்று பொது விடுமுறை. மலேசியாவில் சபா, சரவாக் தவிர மற்ற இடங்களில் அது வேலை நாள், பள்ளி நாள். கோலாலம்பூரிலோ பினாங்கிலோ படிக்கும் மாணவர் அன்று சிலுவை வழிபாட்டுக்குப் போக வேண்டுமானால் முன்கூட்டியே விரிவுரையாளரிடம் பேசி ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். சிறிய விஷயம்தான். ஆனால் தன் விசுவாசத்தைத் தானே வாய்திறந்து சொல்லும் முதல் தருணம் சிலருக்கு அதுவாக இருக்கும்.

சனிக்கிழமை பகலில் எதுவுமே நடப்பதில்லை. இந்த வெற்று நாளைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. தாத்தாவையோ பாட்டியையோ இழந்தவர்களுக்கும், நெருங்கிய நட்பு முறிந்தவர்களுக்கும், எதிர்பார்த்த மதிப்பெண் வராதவர்களுக்கும் இந்தச் சனிக்கிழமை தெரியும். “எல்லாம் சரியாகிவிடும்” என்று உடனே சொல்லித் துக்கத்தைத் துரத்தாமல், துக்கத்துக்கென்று ஒரு முழு நாளை ஒதுக்கி வைத்திருக்கிறது திருச்சபை. அன்றிரவு, ஆலயத்துக்கு வெளியே இருளில் மூட்டிய தீயிலிருந்து பாஸ்கா திரியை ஏற்றி, அதிலிருந்து ஒவ்வொருவர் கையிலும் உள்ள மெழுகுவர்த்திக்கு ஒளி பரவும். தவக்காலம் முழுக்கப் பாடாதிருந்த அல்லேலூயா திரும்பி வரும்.

இதன் பின் பாஸ்கா காலம் 50 நாள். தவத்துக்கு 40, மகிழ்ச்சிக்கு 50. தவக்காலத்தில் முயன்று நோன்பிருந்த பலர் ஈஸ்டர் மறுநாளே எல்லாவற்றையும் மறந்துவிடுகிறார்கள். பல்கலைக்கழக மாணவர்களுக்குத் தேர்வு நெருங்கும் நேரமும் அதுதான். மகிழ்ச்சியையும் பயில வேண்டும். வாரம் ஒருவரையாவது தேடிச் சென்று நலம் விசாரிப்பது அதற்கு நல்ல தொடக்கம்.

பச்சை வாரங்கள்

மீதி வாரங்கள் எல்லாம் பொதுக்காலம். ஆண்டின் 33 அல்லது 34 வாரங்களுக்குப் பெரும்பாலும் பச்சை உடைதான். அவற்றைப் பதினைந்தாம் வாரம், பதினாறாம் வாரம் என்று வெறுமனே எண்ணிச் செல்வார்கள். ஆனால் இங்குள்ள தமிழ்க் கத்தோலிக்கர் மனத்தில் தங்கிய விழாக்கள் பல இந்தக் காலத்தில்தான் வருகின்றன. ஜூன் 13 புனித அந்தோணியார் திருநாள். ஜூலை 26 புனித அன்னம்மாள் திருநாளையொட்டி, புக்கிட் மெர்தாஜாம் ஆலயத்துக்குச் சிங்கப்பூரிலிருந்தும் பேருந்துகளில் யாத்திரிகர் செல்வார்கள். செப்டம்பர் 8 வேளாங்கண்ணி மாதா திருநாள். நவம்பர் 2 இறந்தோர் நினைவு நாளில் சுவா சூ காங் கல்லறைகளில் பூவும் மெழுகுவர்த்தியும் காணலாம். கடைசி ஞாயிறு கிறிஸ்து அரசர் பெருவிழா. அதை 1925ல் திருத்தந்தை பதினொன்றாம் பத்திநாதர் ஏற்படுத்தினார். பிறகு மீண்டும் முதல் மெழுகுவர்த்தி.

இந்த விழாக்களுக்கு இடையே எதுவுமே நடக்காத ஞாயிறுகள் நிறைய உண்டு. ஒரு மாணவரின் விசுவாசம் சோதனைக்குள்ளாவது அங்குதான். பெரிய வெள்ளியன்று ஆலயம் நிரம்பி வழியும். பொதுக்காலத்தின் ஏதோ ஒரு ஞாயிறன்று, மழை பெய்யும் காலையில், ஒப்படைப்பு பாதியில் நிற்கும்போது போவதற்குத்தான் மன உறுதி வேண்டும். படிப்பும் அப்படித்தானே! தேர்வு நாளின் பரபரப்பில் யாரும் கணிதம் கற்பதில்லை. விசேஷம் ஏதுமில்லாத செவ்வாய்க்கிழமைகளில்தான் கற்கிறார்கள்.

வெறும் சடங்குதானே?

ஆண்டுதோறும் அதே வாசகம், அதே பாட்டு, அதே சாம்பல். இது பழக்கம்தானே, பக்தியா என்று நண்பர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. பழக்கம் வெறும் பழக்கமாகவே உறைந்துபோக வாய்ப்புண்டு என்பதை மறுக்க முடியாது. ஆனால் வாசகம் மாறாவிட்டாலும் கேட்பவர் மாறுகிறார். 13 வயதில் கேட்ட ஊதாரி மகன் உவமை வீட்டைப் பற்றிய கதை. விடுதியில் தங்கிப் படிக்கும் 20 வயதில் அதே உவமை வேறு காதில் விழும். சரளிவரிசையை நூறு முறை பாடியவருக்குத்தான் ராகம் வசப்படும் என்று இசை மாணவர்களுக்குத் தெரியும்.

தொடங்க நினைப்பவர்கள் எல்லாவற்றையும் ஒரேயடியாகச் செய்ய வேண்டியதில்லை. தொலைபேசி நாள்காட்டியில் திருவருகைக்கால முதல் ஞாயிறு, திருநீற்றுப் புதன், பெரிய வியாழன் ஆகிய மூன்றையும் தேர்வுத் தேதிகளோடு இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை இரவு மறுநாளின் நற்செய்தியை ஒருமுறை வாசியுங்கள். ஐந்து நிமிடம்கூட ஆகாது. அடுத்த ஞாயிறு ஆலயத்தில் குரு எந்த நிறத்தில் வருகிறார் என்று கவனியுங்கள். பச்சையாக இருந்தால் ஏமாற வேண்டாம். அந்த வாரமும் கணக்கில் சேரும்.