பழைய விளையாட்டும் புதிய யந்திரமும்

சென்ற மாதம் பூதப்பாண்டியிலிருந்து ஒரு நண்பர் நமது காரியாலயத்துக்கு வந்தார். உபாத்தியாயர் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். பிறர் பொருளில் ஒரு காசும் வேண்டாதவர். வழக்கமாக அவர் கையில் இருப்பது கால்வாய்த் தண்ணீர் விஷயமாகவோ, பட்டா விஷயமாகவோ எழுதிய மனுவாக இருக்கும். அன்று அவர் மேஜைமேல் வைத்தவை இரண்டு சி.டி. தகடுகள். 1999-ம் வருஷத்தில் தம் பிள்ளைக்கென்று ரொக்கம் கொடுத்து வாங்கிய கம்ப்யூட்டர் விளையாட்டுகள் அவை. ரசீதையும் கூடவே மடித்து வைத்திருந்தார். அந்தப் பிள்ளை இப்போது தகப்பனாகிவிட்டார். பேரனுக்குப் புதிய கம்ப்யூட்டர் வாங்கினார்கள். அதில் தகடு போடும் துவாரமே இல்லை. தனியாக ஒரு பெட்டி வாங்கி இணைத்தார்கள். அப்போதும் இரண்டு விளையாட்டுகளும் ஓடவில்லை.

“தகட்டில் ஒரு கீறல் கிடையாது, சார். ரசீதும் இருக்கிறது. திருட்டுப் பிரதி இறக்கினால் உடனே ஓடும் என்று பேரன் சொல்கிறான். ரசீது வைத்திருப்பவன் திருடித்தான் தீரவேண்டுமா?” என்று அவர் கேட்டார்.

ராஜீய விஷயங்களை எழுதவேண்டிய பத்தியில் பிள்ளைகளின் விளையாட்டுக்கு என்ன வேலை என்று நமது நேயர்களில் சிலர் நகைக்கக்கூடும். ஆனால் நண்பர் கேட்ட கேள்வி விளையாட்டல்ல. பணம் கொடுத்து நியாயமாக வாங்கியவன் வாசலில் நிற்க, வாங்காதவன் உள்ளே உட்கார்ந்திருப்பது எப்படி நேர்ந்தது? இதற்குச் சட்டம் என்ன பரிகாரம் வைத்திருக்கிறது? எங்கே பரிகாரம் வைக்க மறந்துவிட்டது? இவை பொதுஜனங்கள் யோசிக்கத் தக்க விஷயங்களே.

முதலில் காரணத்தைக் கவனிப்போம். 1980-களிலும் 1990-களின் முற்பகுதியிலும் எழுதப்பட்ட விளையாட்டுகள் பெரும்பாலும் டாஸ் என்னும் ஏற்பாட்டின் கீழ் ஓடியவை. அந்நாளில் விளையாட்டை எழுதியவர் திரையையும் ஒலி அட்டையையும் தாமே நேரில் ஏவி வேலை வாங்கினார். இடையில் தரகர் இல்லை. 2001-ல் விண்டோஸ் எக்ஸ்பி வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு வந்தது முதல், எந்தப் ப்ரோகிராமும் விண்டோஸின் மூலமாகவே கேட்டுப் பெறவேண்டும் என்று ஆயிற்று. ஒரு ப்ரோகிராம் கெட்டால் யந்திரம் முழுவதும் நின்றுபோகாமலிருக்க இந்த ஏற்பாடு அவசியமானதே. அதை நாம் குறை கூறவில்லை. ஆயினும் பழைய விளையாட்டுக்கு அது முதல் தடையாயிற்று.

இரண்டாவது தடை 64 பிட் யந்திரங்களோடு வந்தது. பழைய 16 பிட் ப்ரோகிராம்களை ஓட்டுவதற்காக 32 பிட் விண்டோஸுக்குள் ஒரு தனி அறை வைத்திருந்தார்கள். 64 பிட் விண்டோஸில் அந்த அறை கட்டப்படவில்லை. இதில் ஒரு விநோதம் உண்டு. 1990-களின் பிற்பகுதியில் வெளிவந்த பல விளையாட்டுகள் தாம் 32 பிட்டாகவே இருந்தும், அவற்றை யந்திரத்தில் நிறுவும் சிறு ப்ரோகிராம் மட்டும் 16 பிட்டாக இருந்துவிட்டது. வீட்டுக்குள் இருப்பவர் சௌக்கியமாக இருக்கிறார், வாயில்காப்போன் மாண்டுபோனான், கதவைத் திறப்பார் இல்லை. நண்பருடைய முதல் தகட்டின் கதி இதுவே.

மூன்றாவது தடை பூட்டு. பிரதி எடுப்பதைத் தடுக்க விளையாட்டுக் கம்பெனிகள் தகட்டில் பூட்டுப் போட்டன. அவற்றுள் ‘ஸேப்டிஸ்க்’ என்பது பெயர் பெற்றது. அசல் தகடுதானா என்று சோதிக்கும் அதன் காவலாள் விண்டோஸின் கருவறைக்குள்ளேயே அமர்ந்திருந்தான். அந்த வழியாக அந்நியர் புகக்கூடும் என்ற அபாயத்தினால் 2015-ல் விண்டோஸ் 10 அவனை ஏற்க மறுத்தது. அவ்வருஷம் செப்டம்பர் மாதத்துத் திருத்தத்தினால் அதற்கு முந்திய சில விண்டோஸ் பதிப்புகளிலும் அவன் நிறுத்திவைக்கப்பட்டான். பாதுகாப்பை உத்தேசித்துச் செய்தது சரியே. ஆனால் பலன் என்ன? பூட்டு உடைக்கப்பட்ட திருட்டுப் பிரதிக்கு ஒரு குறைவும் வரவில்லை. அசல் தகட்டை வாங்கியவனே வெளியே நிறுத்தப்பட்டான். நண்பரின் இரண்டாவது தகட்டிலும் இவ்வகைப் பூட்டு ஒன்று இருந்தது.

நாஞ்சில் நாட்டாருக்கு இந்த நிலைமை புதியதன்று. சுசீந்திரத்திலும் பார்த்திவபுரத்திலும் வட்டெழுத்துச் சாசனங்கள் இருக்கின்றன. அவற்றில் இருப்பது நமது பாஷை. ஆனால் நம்மில் எத்தனை பேர் அவற்றை வாசிக்க முடியும்? கல் கெடவில்லை, வாசிக்கும் கண் கெட்டுவிட்டது. டி. ஏ. கோபிநாத ராவ் முதலிய அறிஞர்கள் திருவாங்கூர் ஆர்க்கியாலஜிகல் சீரிஸில் அத்தகைய சாசனங்களைப் பெயர்த்து அச்சிட்டார்கள். அழகியபாண்டியபுரத்து முதலியார் குடும்பத்தின் ஓலைகளைக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை ஆராய்ந்தார். அவர்கள் கல்லையும் ஓலையையும் மாற்றவில்லை. புதிய காலத்தின் கண்ணுக்கு அவை புலப்படும்படி நடுவே ஒரு பாலம் கட்டினார்கள். கீறலில்லாத சி.டி.க்கு இன்று வேண்டுவதும் அப்படிப்பட்ட பாலமே.

அந்தப் பாலத்தைக் கட்டிவிட்டார்கள் என்பது சந்தோஷத்துக்குரிய செய்தி. கட்டியவர்களில் பெரும்பாலோர் சம்பளம் பெறாத தொண்டர்கள். 2002-ல் முதல் பதிப்பு வெளிவந்த டாஸ்பாக்ஸ் என்னும் இலவச ப்ரோகிராம், புதிய யந்திரத்துக்குள் பழைய டாஸ் யந்திரம் ஒன்றை வேஷம் கட்டி நிறுத்துகிறது. வேகத்தையும் நாம் விரும்பியபடி குறைத்துக் கொடுக்கிறது. சில பழைய விளையாட்டுகள் இக்கால யந்திரத்தின் வேகத்தில் கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடுமாதலால் இது அவசியம். 2001-ல் துவங்கிய ஸ்கம்விஎம், கதை சொல்லும் பழைய விளையாட்டுகள் பலவற்றை ஓட்டுகிறது. 16 பிட் விண்டோஸ் ப்ரோகிராம்களை 64 பிட் விண்டோஸில் ஓட்ட வைன்விடிஎம் என்பது உதவும். 3டிஎப்எக்ஸ் கம்பெனியின் சித்திர அட்டைகளை நம்பி எழுதப்பட்டவற்றுக்கு என்கிளைட், டிஜிவூடூ என்னும் துபாஷிகள் இருக்கிறார்கள். ஒன்றும் பலிக்காவிடில், பழைய விண்டோஸையே புதிய கம்ப்யூட்டருக்குள் ஒரு கற்பனை யந்திரத்தில் நிறுவி ஓட்டலாம். அதை இண்டர்நெட்டோடு இணைக்காமல் வைப்பது விவேகம்.

இவற்றால் பயன் அடைவது விளையாட்டு மட்டுமா? 1984-ல் கானடாவில் முனைவர் கு. ஸ்ரீநிவாசன் ‘ஆதமி’ என்னும் தமிழ் எழுதும் ப்ரோகிராமைச் செய்தார். தமிழ் முதன்முதலில் கம்ப்யூட்டரில் ஏறிய காலத்துப் பொருள்களில் அது ஒன்று. டாஸ் காலத்து அந்த ப்ரோகிராமை இன்று கண்ணால் காண விரும்பும் ஆராய்ச்சிக்காரரும், விளையாட்டுப் பிரியர்கள் கட்டிவைத்த பாலத்தின் மேலேயே நடக்கவேண்டும். விளையாட்டென்று இகழப்பட்டது பாஷையின் சரித்திரத்துக்கும் துணை நிற்கிறது.

இனி சட்டத்துக்கு வருவோம். 1957-ம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவு, குற்றமாகாத செயல்களை வரிசையாகச் சொல்கிறது. அதன் ‘ஏஏ’ ஷரத்தின்படி, கம்ப்யூட்டர் ப்ரோகிராமின் பிரதியை நியாயமாக வைத்திருப்பவர், அது எந்த உபயோகத்துக்காகக் கொடுக்கப்பட்டதோ அந்த உபயோகத்துக்காக அதைப் பிரதி செய்யலாம், மாற்றியும் அமைக்கலாம், நஷ்டமோ அழிவோ நேராதபடி தற்காலிகப் பாதுகாப்புப் பிரதியும் எடுக்கலாம். விளையாட்டில் உள்ள சித்திரமும் சங்கீதமும் ப்ரோகிராம் ஆகா என்று ஆட்சேபிப்பாருக்கு ‘ஏ’ ஷரத்து பதில் சொல்லும். ப்ரோகிராம் அல்லாத எந்தப் படைப்பையும் சொந்த உபயோகத்துக்கு நியாயமான முறையில் கையாள அது இடம் கொடுக்கிறது.

பூட்டு விஷயத்தில் 2012-ல் சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவு இருக்கிறது. உரிமையை மீறும் எண்ணத்தோடு பூட்டைத் தாண்டுகிறவனுக்கு இரண்டு வருஷம் வரை சிறையும் அபராதமும் உண்டு. ‘எண்ணத்தோடு’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். சட்டம் வெளிப்படையாகத் தடுக்காத காரியத்துக்காகத் தாண்டுவதை அதே பிரிவு விலக்கி வைக்கிறது. அப்படித் தாண்டுவதற்குப் பிறருக்கு உதவுகிறவர் மட்டும், உதவி பெற்றவரின் பெயர், விலாசம், காரணம் முதலியவற்றைப் பதிவு செய்து வைக்கவேண்டும். ஆகவே நண்பருக்கு நாம் சொன்ன பதில் இதுதான்: உமது தகட்டை நீரே ஓட்டிக்கொள்ள வழி தேடுவது குற்றமன்று, அந்நியன் இறக்கிவைத்த திருட்டுப் பிரதியைக் கொண்டுவருவது வேறு விஷயம். ‘கம்பெனி கைவிட்டுவிட்டது; ஆகையால் பொதுச்சொத்து’ என்று சிலர் சொல்வது சட்டமாகாது. தம் உரிமையை விட நினைக்கும் ஆசிரியருக்கு 21-வது பிரிவு வழி காட்டுகிறது. பேசாமல் இருப்பது விட்டுக்கொடுத்ததாகாது.

தனி மனிதருக்குச் சட்டம் இவ்வளவு இடம் கொடுத்திருக்கிறது. பொதுவான நூல் நிலையத்துக்கோ கதவைப் பாதி திறந்து பாதி அடைத்திருக்கிறது. 2012-ம் வருஷத்துத் திருத்தத்தின் ‘என்’ ஷரத்தின்படி, லாப நோக்கமில்லாத பொது நூல் நிலையம் ஒரு படைப்பைப் பாதுகாப்பதற்காக எலெக்ட்ரானிக் முறையில் சேமித்து வைக்கலாம். ஆனால் அதன் டிஜிடல் அல்லாத பிரதி ஒன்று அந்நிலையத்தில் முன்பே இருக்கவேண்டும். காகிதப் புத்தகத்துக்கு இது பொருந்தும். பிறக்கும்போதே டிஜிடலாகப் பிறந்த விளையாட்டுக்கு டிஜிடல் அல்லாத பிரதி எங்கிருந்து வரும்? ‘ஏஏ’ ஷரத்து போதாதா எனில், அது தற்காலிகப் பாதுகாப்பைப் பற்றியது. தலைமுறைகளுக்கென வைக்கும் சேகரத்தைப் பற்றியதன்று. புத்தகங்களை நூல் நிலையங்களுக்குக் கொடுக்கவேண்டும் என்ற 1954-ம் வருஷத்துச் சட்டத்தினால் சென்னைக் கன்னிமாரா நூல் நிலையத்துக்குப் புத்தகம் வருகிறது; விளையாட்டுத் தகடு வருவதில்லை. ஹிந்தி ‘கஜினி’ப் படத்தைத் தழுவி ஹைதராபாத்தில் செய்த கம்ப்யூட்டர் விளையாட்டைப் போன்ற நம் தேசத்துப் பொருள்களையும் வைத்துக் காப்பாற்ற எந்த நூல் நிலையமும் கடமைப்பட்டிருக்கவில்லை.

காப்புரிமைக் காலம் முடியட்டுமே என்று காத்திருக்கலாமா? நம் சட்டப்படி ஆசிரியர் காலமானபின் 60 வருஷம் அது நீடிக்கிறது. 1989-ல் ‘பிரின்ஸ் ஆப் பெர்ஷியா’வை வெளியிட்ட ஜார்டன் மெக்னர், அதன் மூலக் குறிப்புகள் தொலைந்தன என்றே எண்ணியிருந்தார். 2012-ல் அவர் தகப்பனார் வீட்டிலிருந்த ஒரு பெட்டியில் அந்தப் பிளாப்பித் தகடுகள் அகப்பட்டன. பழைய யந்திரங்களில் தேர்ந்தவர்களின் உதவியால் அவை வாசிக்கப்பட்டு உலகத்தாருக்கு அளிக்கப்பட்டன. படைத்தவருக்கே 23 வருஷத்தில் இந்தக் கதியானால், 60 வருஷம் காத்திருக்கும் தகடு எந்த நிலைமையில் இருக்கும்?

வெளிநாட்டார் விழித்துக்கொண்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளிவந்த விளையாட்டுகளில் 100-க்கு 87 கடையில் கிடைப்பதில்லை என்று அந்நாட்டு வீடியோ கேம் ஹிஸ்டரி பவுண்டேஷன் 2023-ல் கண்டு சொல்லிற்று. கம்பெனியின் சர்வர் நிறுத்தப்பட்டுச் செயலற்றுப்போன விளையாட்டுகளை நூல் நிலையங்களும் பொருட்காட்சிசாலைகளும் பாதுகாப்பதற்காகப் பூட்டைத் தாண்ட அந்த நாடு சில விதிவிலக்குகளை அளித்திருக்கிறது. ஐரோப்பாவில் 2024-ல் துவங்கிய கிளர்ச்சியில், விற்ற விளையாட்டைக் கம்பெனிகள் செயலற்றதாக்கக் கூடாது என்று 10 லட்சத்துக்கு மேற்பட்டோர் கையொப்பமிட்டனர்.

நாம் கேட்பது சிறியது. ‘என்’ ஷரத்தில் உள்ள ‘டிஜிடல் அல்லாத’ என்ற நிபந்தனையைப் பார்லிமெண்டு நீக்கவேண்டும். 1948-லேயே பொது நூல் நிலையச் சட்டம் கண்ட மாகாணத்தின் வாரிசுகள் நாம்; இதைக் கேட்கும் யோக்கியதை நமக்கு உண்டு. நமது அங்கத்தினருக்கு ஒரு கடிதம் எழுத எவருக்கும் அரை மணி நேரம் போதும். சட்டம் திருந்தும் வரை அவரவர் அலமாரியில் உள்ள தகடுகளை அவரவரே பிரதி எடுத்துப் பத்திரப்படுத்தலாம். நாகர்கோவில் கல்லூரிகளில் கம்ப்யூட்டர் பயிலும் மாணவர்கள் முதியவர்களுக்கு இதில் கைகொடுக்கலாம்.

நண்பரின் முதல் தகடு வைன்விடிஎம்மின் துணையால் அன்றைக்கே ஓடிற்று. இரண்டாவதை ஒரு வாரம் கழித்து நமது காரியாலயத்து இளைஞர் ஒருவர் ஓட வைத்தார். 65ஏ பிரிவு சொல்லுகிறபடி, நண்பரின் பெயரையும் விலாசத்தையும் காரணத்தையும் ஒரு நோட்டில் அவர் எழுதிக்கொண்டார். காரணம் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று அவர் கேட்க, நண்பர் தம் ரசீதைப் பார்த்துக்கொண்டே, “வாங்கிய பொருளை உபயோகிக்க” என்று எழுதச் சொன்னார்.