வெந்நீர்த் தொட்டியும் மும்முனை மின்சாரமும்

பணியின் பொருட்டுத் திருவனந்தபுரத்தில் வாழும் தமிழன்பர் சிலர், மூட்டுவலியால் வருந்தும் பெற்றோருக்காக வீட்டில் வெந்நீர்த் தொட்டி அமைக்க விரும்புகின்றனர். தொட்டியை விற்பவரோ, "இதற்குத் திரீ பேஸ் வேண்டும்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார். அச்சொல்லின் பொருள் யாது? அதனால் வீட்டு மின்னமைப்பில் மாற வேண்டுவன யாவை? தண்ணீரும் மின்சாரமும் கூடுமிடத்தில் இவற்றை அறியாது வேலையைத் தொடங்குதல் உயிருக்கே கேடு விளைக்கும்.

இந்நகருக்கு 1929ஆம் ஆண்டில் அனல்மின் நிலையம் ஒன்றின் வாயிலாக மின்சாரம் வந்தது. 1940இல் பள்ளிவாசல் நீர்மின் நிலையமும் இயங்கத் தொடங்கியது. இன்று தெருவில் வரும் மின்வழியில் மூன்று முனைக் கம்பிகளும் நியூட்ரல் என்னும் பொதுக் கம்பி ஒன்றும் உள்ளன. முனைக் கம்பி ஒன்றிற்கும் நியூட்ரலுக்கும் இடையே மின்னழுத்தம் ஏறத்தாழ 230 வோல்ட். முனைக் கம்பிகள் இரண்டிற்கு இடையே ஏறத்தாழ 400 வோல்ட். ஒருமுனை இணைப்புள்ள வீட்டிற்கு முதலாவது மட்டுமே கிடைக்கும். மும்முனை இணைப்புள்ள வீட்டிற்கு இரண்டும் கிடைக்கும்.

இம்மாற்றம் எதற்கு? 2 கிலோவாட் கீசர் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 9 ஆம்பியர் மின்னோட்டத்தை ஏற்கும். தொட்டிக்குரிய 6 கிலோவாட் சூடேற்றியோ 26 ஆம்பியர் ஏற்கும். கீசருக்கென இழுத்த கம்பியில் இதனை இணைத்தால் கம்பி கொதித்து, மேலுறை உருகித் தீப்பிடிக்கவும் கூடும். அதே 6 கிலோவாட்டை மூன்று முனைகளுக்கும் பங்கிட்டால், கம்பி ஒவ்வொன்றிலும் 9 ஆம்பியரே ஓடும். சுமையை ஒருவர் தலையில் ஏற்றாமல் மூவர் பகிர்ந்துகொள்வது போன்றது இது.

ஆனால் பகிரும் முறையிலேயே பிழை நேர்வதுண்டு. இத்தகைய சூடேற்றியில் பெரும்பாலும் 2 கிலோவாட் சுருள்கள் மூன்று இருக்கும். சுருள்கள் 230 வோல்ட்டிற்கு உரியவையாயின், அவற்றின் ஒரு முனைகளை ஓரிடத்தில் கூட்டி, மறுமுனைகளை மூன்று கம்பிகளில் இணைக்க வேண்டும். இது ஸ்டார் இணைப்பு. அவற்றையே டெல்டா முறையில், கம்பிக்குக் கம்பியாக இணைத்தால், ஒவ்வொரு சுருளுக்கும் 400 வோல்ட் கிடைக்கும். அழுத்தம் 1.73 மடங்கானால் வெப்பம் அதன் வர்க்கமாக, ஏறத்தாழ மூன்று மடங்காகும். 2 கிலோவாட் சுருள் 6 கிலோவாட் வெப்பத்தைக் கக்கி எரிந்துபோகும். ஆதலின், சூடேற்றியின் மேல் எழுதியுள்ள வோல்ட் அளவைப் படித்த பின்னரே கம்பியைத் தொடுதல் வேண்டும்.

இனி நியூட்ரலைக் காண்போம். வீட்டின் விளக்கு, விசிறி, குளிர்பெட்டி முதலியவை மூன்று முனைகளிலும் பங்கிடப்பட்டிருக்கும். நியூட்ரல் கம்பி அறுந்தால், சுமை குறைந்த முனையில் அழுத்தம் 230 வோல்ட்டைத் தாண்டி ஏறும்; அங்குள்ள கருவிகள் பழுதாகும். இதனினும் கொடியது, எர்த் கம்பி போடாமல் நியூட்ரலையே சூடேற்றியின் உலோக உடலோடு இணைத்துவிடும் வழக்கம். அவ்வாறு செய்த வீட்டில் நியூட்ரல் அறுந்தால், தொட்டியின் உலோகப் பகுதி முழுவதும் மின்னேறி நிற்கும்.

ஆகவே நிலத்திற் பதித்த தனி எர்த் இன்றியமையாதது. செம்புரை மண் கோடையில் உலர்ந்தால் மின்னோட்டத்தை எளிதில் உள்வாங்காது. எர்த் குழியை ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும். தொட்டியை அடுத்த உலோகக் குழாய்களையும் எர்த்தோடு இணைத்தல் நலம். மின்கசிவு 30 மில்லி ஆம்பியரை எட்டுமுன் இணைப்பைத் துண்டிக்கும் காப்புச் சுவிட்ச் கட்டாயம் வேண்டும். 300 மில்லி ஆம்பியர் அளவுடையது தீயைத் தடுக்க உதவுமேயன்றி, ஈர உடம்போடு இருப்பவரைக் காவாது. அதன் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். பிற சுவிட்சுகள் தொட்டியில் அமர்ந்தவர் கைக்கு எட்டாமல் இருத்தல் வேண்டும்.

கேரளத்தின் 2014ஆம் ஆண்டு மின் வழங்கல் விதித்தொகுப்பின்படி, பொதுவாக 5 கிலோவாட் வரையுள்ள சுமைக்கு ஒருமுனை இணைப்பும் அதற்கு மேற்பட்டதற்கு மும்முனை இணைப்பும் தரப்படும். இதற்கு மின்வாரியத்திடம் விண்ணப்பிக்க வேண்டும். வாடகை வீடாயின் உரிமையாளரின் இசைவை முதலிற் பெறுக. வேலையை உரிமம் பெற்ற வயர்மேனிடமே ஒப்படையுங்கள். மொழி தடையென்று கருதி ஒதுங்க வேண்டா. "சுருள் எத்தனை வோல்ட்? எர்த் தனியா? காப்புச் சுவிட்ச் 30 மில்லி ஆம்பியரா?" என்னும் மூன்று கேள்விகள் போதும். எம்மொழியிற் கேட்டாலும் அவருக்கு விளங்கும். மூன்றிற்கும் தெளிவான விடை கிடைக்கும் வரை மெயின் சுவிட்சைப் போட விடாதீர்கள்.