வெள்ளை அட்டையில் இல்லாத கணக்கு

மின் கட்டணம் பயன்பாட்டுக்கு ஏற்ப அடுக்கடுக்காக ஏறுகிறது. அந்த அடுக்குகள் கரண்ட் பில் கட்டுபவரின் கண்ணில் படுகின்றனவா? போளூரில் எந்த வீட்டு வெள்ளை அட்டையை எடுத்தாலும் இரண்டு மாதத்துக்கு ஒரு வரிதான்: தேதி, ரீடிங், யூனிட், தொகை. எவ்வளவு கட்ட வேண்டும் என்பது அதில் உண்டு; ஏன் அவ்வளவு வந்தது என்பது இல்லை. 2024 ஜூலை கட்டணப்படி 500 யூனிட்டுக்கு 1,805 ரூபாய். 501 ஆனால் 2,048 ரூபாய். 500-ஐத் தாண்டியதும் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கும் 2.35-க்குப் பதில் 4.70 ரூபாய் விழுகிறது. அதனால்தான் ஒற்றை யூனிட்டுக்கு 243 ரூபாய் ஏறுகிறது. இது தெரிந்தவர் கடைசி வாரத்தில் கையைச் சுருக்கிக்கொள்வார். தெரியாதவர் மீட்டர் வேகமாக ஓடுகிறது என்று சந்தேகப்படுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவருக்கு யாரும் கணக்குக் காட்டவில்லை.

கணக்குக் காட்டினால் என்ன ஆகும் என்பதற்குச் சான்றுகள் உண்டு. நார்வேயின் ஒஸ்லோ நகரில் பில்லை அடிக்கடியும், முந்தைய ஆண்டோடு ஒப்பிட்டும் அனுப்பிப் பார்த்தார்கள். பயன்பாடு சுமார் 10 சதவீதம் குறைந்தது என்று ஆய்வாளர்கள் வில்ஹைட், லிங் இருவரும் 1995-இல் எழுதினார்கள். அமெரிக்காவில் பல லட்சம் வீடுகளுக்கு, அக்கம்பக்கத்து வீடுகளோடு ஒப்பிட்ட அறிக்கை போனது; அங்கே குறைந்தது 2 சதவீதம்தான். இவ்வளவுக்கா இத்தனை பாடு என்று கேட்கலாம். ஆனால் தலைநகர் டெல்லிப் பகுதியில் அனந்த் சுதர்சன் நடத்திய ஆய்வில், வாராந்திர அறிக்கை கோடைப் பயன்பாட்டை 7 சதவீதம் குறைத்தது. கூடவே பண ஊக்கமும் சேர்த்தபோது அந்தப் பலன் காணாமல் போனது. விலை உயர்வு மட்டுமே சிக்கனம் கற்றுத்தரும் என்று நம்புகிறவர்கள் இதை நின்று யோசிக்க வேண்டும். ஒப்பீட்டைக் கண்டு, குறைவாகச் செலவழிப்பவர் கூட்டிவிட மாட்டாரா என்ற கேள்வியும் நியாயமானதே. கலிஃபோர்னியாவின் சான் மார்கோஸில் அப்படித்தான் நடந்தது. ஆனால் குறைவாகச் செலவழித்தவர்களின் தாளில் ஒரு சிரித்த முகத்தை வரைந்து அனுப்பியதும் அந்த ஏற்றம் நின்றது.

இவையெல்லாம் வசதியான வீடுகளுக்கு, தேவிகாபுரத்திலும் ஒண்ணுபுரத்திலும் பட்டுத் தறி போட்டிருப்பவர் எதைக் குறைப்பது என்பதுதான் கனமான மறுப்பு. கைத்தறி நெசவாளருக்கு இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் இலவசம். 2023 வரை அது 200. விளக்கை அணைத்துவிட்டு நெய்யச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் 75 வாட் ஃபேன் நாளுக்கு 16 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 72 யூனிட். 30 வாட் பிஎல்டிசி ஃபேன் என்றால் 29. இலவச வரம்பை ஒட்டி நிற்கும் வீட்டுக்கு இந்த 43 யூனிட் சிறிய விஷயமல்ல. காற்றும் குறையாது, வெளிச்சமும் குறையாது. தொகை பூஜ்யம் என்று மட்டும் காட்டும் பில்லால் இதை ஒருநாளும் சொல்ல முடியாது.

மாதாமாதம் ரீடிங் எடுப்பதாக 2021 தேர்தலில் திமுக வாக்குறுதி தந்தது. ஸ்மார்ட் மீட்டர் வந்தால் எல்லாம் சரியாகும் என்கிறார்கள். அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. இன்றைய ரீடிங் 12,340 என்றால், ‘மீட்டர் 12,840-ஐத் தாண்டினால் கூடுதல் கட்டணம்’ என்று அதே நாளில், பில் தொகையைச் சொல்லும் குறுஞ்செய்தியிலேயே மின் பகிர்மானக் கழகம் சேர்த்து அனுப்பலாம். தறி வீட்டுக்கு அந்த எண் 12,640.