எஸ்ஸா, எஃப்பா? போனில் குரல் தேய்வது ஏன்

கூரியர் அலுவலகத்துக்குப் போன் செய்து இனிஷியலைச் சொன்னால் உடனே கேள்வி வரும்: "எஸ்ஸா, எஃப்பா சார்?" நாமும் "எஸ், எஸ்!" என்று கத்துவோம். தப்பு நம் நாக்கிலும் இல்லை, அவர் காதிலும் இல்லை. 'ஸ்' என்ற சீறலின் பெரும்பகுதி 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கிறது. பழைய தொலைபேசியின் கதவோ 3,400 ஹெர்ட்ஸிலேயே சாத்திக்கொள்கிறது. இரண்டு எழுத்தையும் பிரித்துக் காட்டும் ஒலி வெளியே நின்றுவிடுகிறது.

கீழ்ப்பக்கமும் இதே கதைதான். 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளது வராது. ஆண் குரலின் அடிப்படை அதிர்வு நூறு சொச்சம், பெண் குரலுடையது இருநூறு சொச்சம். இரண்டுக்கும் அனுமதியில்லை. பிறகு அப்பாவின் கட்டைக் குரலை எப்படி அடையாளம் காண்கிறோம்? அந்த அதிர்வின் மடங்குகள் மேலே வரிசையாக வருகின்றன. அவற்றின் இடைவெளியை வைத்து மூளை விடுபட்டதை ஊகித்து நிரப்பிக்கொள்கிறது. அரைமணி நேரம் போனில் பேசினால் வரும் அலுப்பில் இந்தச் சம்பளமில்லாத வேலைக்கும் பங்கு உண்டு என்பது என் எண்ணம்.

இந்த வேலியைப் போட்டது சிக்கனம். ஒரே கம்பியில் பல உரையாடல்களை ஏற்ற, ஆளுக்கு 4,000 ஹெர்ட்ஸ் என்று பங்கு பிரித்தார்கள். 1972இல் வந்த ஜி.711 என்ற டிஜிட்டல் தரமும் அதே அளவை எடுத்துக்கொண்டது: நொடிக்கு 8,000 மாதிரிகள், ஒவ்வொன்றும் 8 பிட், மொத்தம் 64 கிலோபிட். நொடிக்கு எத்தனை மாதிரி எடுக்கிறோமோ அதில் பாதிக்கு மேற்பட்ட அதிர்வைப் பதிய முடியாது என்பது கணக்கு.

வேடிக்கை என்னவென்றால், மாற்று மருந்து 1988இலேயே வந்துவிட்டது. ஜி.722 என்ற தரம் அதே 64 கிலோபிட்டில் 50 முதல் 7,000 ஹெர்ட்ஸ் வரை குரலைக் கொண்டுபோனது. செல்பேசிக்கு வந்த ஏஎம்ஆர் வைட்பேண்ட் இன்னும் கெட்டிக்காரன். பழைய ஏஎம்ஆர் அதிகபட்சமாக 12.2 கிலோபிட் வாங்கிக்கொண்டு பாதிக் குரலைத் தந்தது, இது 12.65 கிலோபிட்டில் முழுசாகத் தருகிறது. 2009இல் மால்டோவா நாட்டில் ஆரஞ்ச் நிறுவனம் இதை வணிகச் சேவையாக்கியது. 2ஜி, 3ஜி எதுவும் இல்லாமல் 2016இல் ஜியோ வந்தபோது, அதன் அழைப்புகள் எல்லாம், இந்த அகலக் குரலைச் சுமக்கக்கூடிய வோல்டிஇ என்ற 4ஜி அழைப்பு முறை வழியாகவே போக வேண்டியிருந்தது. 2014இல் வகுக்கப்பட்ட இவிஎஸ் தரம் 20,000 ஹெர்ட்ஸ் வரை எட்டும்.

அப்படியிருந்தும் பல அழைப்புகள் பழைய குரலிலேயே ஒலிக்கின்றன. வழியில் உள்ள எல்லோரும் ஒத்துவர வேண்டும் என்பதுதான் சிக்கல். ஒரு முனையில் லேண்ட்லைன் இருந்தால் போச்சு. இரண்டு நிறுவனங்களுக்கு இடையேயான இணைப்பு பழைய 64 கிலோபிட் சர்க்யூட்டாக இருந்தாலும் அதே கதி. எல்லாம் சரியாக இருந்து, காதில் மாட்டிய பழைய ப்ளூடூத் ஹெட்செட் காரியத்தைக் கெடுப்பதும் உண்டு.

நம் கையில் இருப்பது கொஞ்சம்தான். செட்டிங்ஸில் வோல்டிஇ 'ஆன்' ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். குரல் மங்கினால் ஹெட்செட்டைக் கழற்றிவிட்டுப் பேசிப் பாருங்கள். கூரியர்காரரிடம் மட்டும் கத்தாதீர்கள். கத்தினால் சத்தம் கூடும், 3,400 கூடாது. அங்கே 'எஸ் ஃபார் சுகர்'தான் கைகண்ட வைத்தியம்.