முதுமலை சஃபாரிக்கு போறீங்களா? புலியை மட்டும் தேடாதீங்க... வானத்தையும் பாருங்க!

ஆப்பிரிக்க சஃபாரி மாதிரி ஒரு காட்டைப் பிள்ளைகளுக்குக் காட்டணும்... லீவு விட்டாச்சுன்னா ஆவடி, அம்பத்தூர் பக்கம் பல வீடுகளில் இந்தப் பேச்சு வரும். அதற்கு நம்ம மாநிலத்திலேயே இருக்கும் பதில், நீலகிரியின் முதுமலை புலிகள் காப்பகம்.

ஆப்பிரிக்காவுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் பூங்காவில் சொந்த காரிலேயே சுற்றலாம். முதுமலையில் வனத்துறை வாகனத்தில்தான் சஃபாரி, தெப்பக்காட்டில் ஏறணும். இங்கே மரங்களும் உண்ணிச்செடிப் புதர்களும் பார்வையை மறைக்கும். யானை, புள்ளிமான், காட்டெருமை பார்க்க வாய்ப்பு அதிகம். புலி தெரியும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

புலியை விட ஆபத்தில் இருப்பது யார்?

பாறு கழுகுகள். மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்துதான் எமன். அந்த மாடு செத்த பிறகு இறைச்சியைத் தின்ற கழுகுகளுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. 1990-களில் தொடங்கிய இந்தச் சரிவில், இந்தியாவின் வெண்முதுகு பாறு கழுகுகளில் 99 சதவீதத்துக்கும் மேல் அழிந்துவிட்டன. 2006-ல் கால்நடைகளுக்கு இந்த மருந்து தடை செய்யப்பட்டது. 2023-ல் கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் மருந்துகளுக்கும் தடை வந்தது.

முதுமலைக்கு இதில் என்ன பங்கு?

புலி தின்றது போக மிஞ்சும் மான் இறைச்சியில் மருந்து இருக்காது. அதனால்தான் புலி வாழும் காடு கழுகுக்கும் பாதுகாப்பு. தென்னிந்தியாவில் இவை இன்னும் கூடு கட்டும் முக்கிய இடம், முதுமலையை ஒட்டிய மாயாறு பள்ளத்தாக்கு. ஆண்டுக்கு ஒரே முட்டைதான் இடும். ஒரு கூடு கலைந்தால்கூட பெரிய இழப்பு.

எப்படிப் போவது?

பூந்தமல்லியிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையைப் பிடித்து மைசூரு, பந்திப்பூர் வழியாகப் போகலாம். கவனம்: பந்திப்பூர் காட்டுச் சாலையில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை போக்குவரத்துக்குத் தடை. கோவை, ஊட்டி, கூடலூர் வழியும் உண்டு. நீலகிரிக்குள் நுழைய 2024 மே 7 முதல் இ-பாஸ் நடைமுறை வந்திருக்கு. கிளம்பும் முன் பதிவு செய்யுங்க. காட்டுத்தீ, மழைக் காலங்களில் சஃபாரியை நிறுத்துவதும் உண்டு. விசாரிச்சுட்டுக் கிளம்புங்க.

என்ன செய்யக் கூடாது?

காட்டுச் சாலையில் வண்டியை நிறுத்தி இறங்காதீங்க. குரங்குக்கும் மானுக்கும் தீனி போடாதீங்க. பிளாஸ்டிக்கை வீசாதீங்க. புலி வரலைன்னு டிரைவரிடம் சண்டை போடாம, ஒரு தடவை மேலே பாருங்க. இறக்கை அசைக்காமல் ஒரு பெரிய பறவை வட்டமடித்தால், அது பாறு கழுகாகவும் இருக்கலாம்.