துரு சொல்லும் சாட்சி



மழைக்காலம் முடிந்தபின் மொட்டைமாடிப் படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்து ஏறியிருப்பீர்கள். இறங்கி வந்து பார்த்தால் உள்ளங்கையில் செம்பழுப்பு நிறத்தில் ஒரு தூள் ஒட்டியிருக்கும். உடுப்பில் பட்டால் கறை போகாது என்று அவசரமாகக் கையைக் கழுவிவிடுகிறோம். அதற்குமேல் அதைப்பற்றி நாம் எண்ணுவதில்லை. அந்தமானுக்குச் சென்று வந்த பிறகு எனக்கு அந்தத் தூளை அவ்வளவு எளிதாகக் கழுவிவிட முடியவில்லை.

சென்னையிலிருந்து 1,300 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவில், வங்கக் கடலின் நடுவே இருக்கின்றன அந்தத் தீவுகள். போர்ட் பிளேர் என்று நாம் நெடுங்காலமாக அழைத்து வந்து, 2024-ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட நகரில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. சென்னையில் பெய்வதைப்போல் அது இரண்டு மடங்கு. மழை ஓய்ந்த நாட்களில் காற்று உப்பைச் சுமந்து வருகிறது. கூரைத் தகடு, சன்னல் கம்பி, மிதிவண்டிச் சங்கிலி, கதவின் கீல் என்று எதைத் தொட்டாலும் துருதான். 2011-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அங்கு வாழ்கிறவர்களில் சுமார் 15 விழுக்காட்டினர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். அவர்களில் ஒரு குடும்பத்தாரின் வீட்டில் நான் சில நாட்கள் தங்கியிருந்தேன். அவ்வீட்டின் முன்னறைக் கூரையில் நீளவாக்கில் ஒரு பழுப்புக் கறை இருந்தது. அதைப்பற்றிப் பின்னர் சொல்லுகிறேன்.

இரும்பு ஏன் துருப்பிடிக்கிறது?

பூமியில் இரும்பு இரும்பாகக் கிடைப்பது மிக அரிது. பிராணவாயுவோடு இணைந்த தாதுக் கல்லாகவே அது கிடைக்கிறது. நம் சேலத்துக் கஞ்சமலையில் கிடைப்பதும் அத்தகைய கல்தான். அதை உலையிலிட்டு, கரியும் நெருப்பும் சேர்த்து, பிராணவாயுவைப் பிரித்தெடுத்த பிறகே அரிவாளும் ஆணியும் நமக்குக் கிடைக்கின்றன. ஆகவே துருப்பிடிக்கும் இரும்பு புதிதாக எதையும் செய்துவிடவில்லை. உலையில் இழந்ததைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, தன் பழைய நிலைக்குப் போகிறது.

இதற்குத் தண்ணீரும் பிராணவாயுவும் இரண்டும் வேண்டும். உப்பு இரும்பைத் தின்பதில்லை. தண்ணீரில் மின்னோட்டம் எளிதாகச் செல்ல வழிவகுத்து, நடக்க வேண்டியதை வேகமாக நடத்திவிடுகிறது. அலுமினியமும் காற்றில் மாற்றமடைகிறது. ஆனால் அதன் மேல் உண்டாகும் படலம் இறுக ஒட்டிக்கொண்டு உள்ளிருப்பதைக் காக்கிறது. இரும்பின் துருவோ செதில் செதிலாக உதிர்ந்து, அடுத்த அடுக்கையும் காற்றுக்குக் காட்டிக்கொடுக்கிறது.

துருவே காவலாக நின்ற இடமும் உண்டு. டில்லியில் ஏறக்குறைய 1,600 ஆண்டுகளாக நிற்கும் இரும்புத் தூணைப்பற்றிப் பள்ளியில் படித்திருப்பீர்கள். 7 மீட்டருக்கு மேற்பட்ட உயரமும் 6 டன்னுக்கு மேற்பட்ட எடையும் உடையது. கான்பூர் ஐ.ஐ.டி.யில் பேராசிரியராயிருந்து 2009-ல் காலமான ஆர். பாலசுப்ரமணியம் அதை ஆண்டுக்கணக்காக ஆராய்ந்தார். பழங்காலக் கொல்லர்களின் இரும்பில் பாஸ்பரஸ் மிகுந்திருந்ததால், மெல்லிய, உறுதியான ஒரு படலம் தூணின்மேல் படிந்து காத்து வருகிறது என்று அவர் விளக்கினார். டில்லியின் வறண்ட காற்றும் அதற்குத் துணை. அந்தத் தூண் அந்தமான் கடற்கரையில் நின்றிருந்தால் என்னவாகியிருக்கும் என்று நான் எண்ணிப் பார்த்ததுண்டு.

கப்பல்காரர்கள் வேறொரு வழியைக் கைக்கொள்ளுகிறார்கள். கப்பலின் அடிப்பாகத்தில் துத்தநாகக் கட்டிகளைப் பொருத்திவிடுகிறார்கள். கடல்நீர் முதலில் துத்தநாகத்தை அரிக்கும்; அது தீரும்வரை இரும்பு தப்பும். தன்னைக் கொடுத்து மற்றொன்றைக் காக்கும் இந்த உலோகத்திற்கு விஞ்ஞானிகள் வைத்த பெயரிலேயே 'பலி' என்னும் சொல் இருக்கிறது. ஹம்ப்ரி டேவி என்ற ஆங்கிலேய விஞ்ஞானி 1824-ல் செம்புத் தகடு போர்த்திய போர்க்கப்பல்களுக்கு இந்த முறையை முதலில் பரிந்துரைத்தார். செம்பு காக்கப்பட்டது. ஆனால் அரிபடாத செம்பில் பாசியும் சிப்பியும் தாராளமாக ஒட்டிக்கொண்டு கப்பலின் வேகத்தைக் குறைத்துவிட்டன!

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். துருப்பிடித்த ஆணி குத்தினால் துருவினால் டெட்டனஸ் வரும் என்று நம் தாய்மார்கள் நம்புகிறார்கள். அந்நோயைத் தருவது துரு அல்ல, மண்ணில் வாழும் ஒரு கிருமி. சுத்தமாய்ப் பளபளக்கும் ஆணியும் மண்பட்டிருந்தால் அதே ஆபத்துதான். தடுப்பூசியை மட்டும் தள்ளிப்போடாதிருங்கள்.

மிதந்து வந்த இரும்பு

1981-ஆம் ஆண்டு ஆகஸ்டு 2-ஆம் தேதி 'பிரிம்ரோஸ்' என்ற சரக்குக் கப்பல் அந்தமானைச் சேர்ந்த வடக்கு சென்டினல் தீவின் பவளப்பாறையில் ஏறித் தரைதட்டியது. வங்கதேசத்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் கோழித்தீவனம் ஏற்றிச் சென்ற கப்பல் அது. சில நாட்களில் வில்லும் அம்பும் ஏந்திய மனிதர்கள் கரையில் திரள்வதை மாலுமிகள் கண்டு நடுங்கினார்கள். கொந்தளித்த கடல்தான் அவர்களுக்கு அரணாக நின்றது. பின்னர் ஹெலிகாப்டர் மூலம் அவர்கள் மீட்கப்பட்டார்கள். கப்பல் அங்கேயே விடப்பட்டது.

நம் கணக்கில் அது நஷ்டம், துருப்பிடித்து ஒழியப்போகும் ஓர் ஓட்டை. அந்தத் தீவினருக்கோ அது வேறாயிருந்தது. அவர்கள் தாதுவை உருக்கி இரும்பு எடுக்கும் கலையை அறியாதவர்கள். கப்பலின் இரும்பைப் பெயர்த்து, நெருப்பின்றியே தட்டிக் கூராக்கி, அம்புமுனைகளாக்கிக் கொண்டார்கள். அந்தமானின் மற்ற பழங்குடியினரும் 1858-ல் ஆங்கிலேயர் அங்கே கைதிகளின் குடியிருப்பை அமைப்பதற்கு முன்பே, உடைந்து ஒதுங்கிய கப்பல்களின் இரும்பை இவ்வாறு பயன்படுத்தி வந்தார்கள். அதற்கும் முன்னே கிளிஞ்சலும் எலும்பும்தான் அவர்களுடைய அம்புமுனைகள்.

எலிசாவின் நாளில் இரவல் வாங்கிய கோடரி ஆற்றில் விழுந்தபோது அந்த மனிதன் ஏன் அப்படி அலறினான் என்று சிறுவயதில் எனக்கு விளங்கியதில்லை. கடைக்குப் போனால் ஒரு கோடரி வாங்கிவிடலாமே! இரும்பு அரிதாயிருக்கும் இடத்தில் ஒரு துண்டு இரும்பின் மதிப்பு என்ன என்பதை, இந்தத் தீவினரைப்பற்றிப் படித்தபோதுதான் உணர்ந்தேன்.

இதைவிட வியப்பான செய்தி ஒன்று உண்டு. 1906 முதல் 1908 வரை அந்தமானில் தங்கி ஆராய்ந்த ராட்கிளிஃப் பிரவுன், அத்தீவினர் செங்காவிக் கல்லைச் சுட்டுப் பொடித்து, பன்றி அல்லது ஆமையின் கொழுப்பில் குழைத்து உடலில் பூசிக்கொள்வதை விரிவாக எழுதியிருக்கிறார். அந்தச் செங்காவி எது தெரியுமா? இரும்பும் பிராணவாயுவும் சேர்ந்த பொருள்தான். நம் கையில் ஒட்டிய துருவுக்கு நெருங்கிய உறவு. நாம் கழுவி விடுவதை அவர்கள் அலங்காரமாக அணிந்தார்கள்.

சென்டினல் தீவைச் சுற்றி 5 கடல் மைல்களுக்குள் எவரும் செல்லக்கூடாது என்பது அரசின் தடை. 1956-ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்புச் சட்டம் அதற்கு அடிப்படை. நமக்குச் சாதாரணமான சளிக்காய்ச்சலும் அவர்களுக்கு மரணமாகக்கூடும் என்பது முக்கியமான காரணங்களில் ஒன்று. எந்த நோக்கத்தோடு போகிறவரும் அந்தக் காய்ச்சலைக் கரையில் விட்டுவிட்டுப் போக முடியாது.

சிறையின் தாழ்ப்பாள்

செல்லுலார் சிறைக்குப் போகிறவர்கள் அறைக் கதவுகளின் தாழ்ப்பாளைக் கவனிக்க வேண்டும். 1896-ல் தொடங்கி 1906-ல் கட்டி முடிக்கப்பட்ட அந்தச் சிறையில் ஏறத்தாழ 700 தனியறைகள் இருந்தன. கதவின் நீண்ட இரும்புத் தாழ் வெளிச்சுவரில் தள்ளியமைந்த ஒரு மாடத்திற்குள் சென்று பூட்டப்படும். உள்ளிருப்பவர் கம்பிகளுக்கிடையே கையை எவ்வளவு நீட்டினாலும் பூட்டு எட்டாது. ஏழு சிறகுகளாயிருந்த கட்டடத்தில் இன்று மூன்றே நிற்கின்றன. 1979-ல் அது தேசிய நினைவகமாக்கப்பட்டது.

சற்று எண்ணிப் பாருங்கள். அந்தத் தாழ் துருப்பிடித்து இற்றுப்போகாதா என்று ஏங்கிய கண்கள் எத்தனை இருந்திருக்கும்! இன்றோ அதே இரும்பு துருப்பிடித்து அழிந்துவிடக்கூடாது என்று நாம் கவலைப்படுகிறோம். அது அழிந்தால் அங்கே நடந்ததை நம் பிள்ளைகளுக்குக் காட்ட நமக்கு வேறு பொருள் இல்லை.

வேதத்தில் இரண்டு சொற்கள்

மலைப் பிரசங்கத்தில் பூச்சியோடு சேர்த்துத் துருவும் சொல்லப்பட்டிருப்பதை நீங்கள் அறிவீர்கள். அங்கே மூலபாஷையில் இருப்பது 'புரோசிஸ்' என்ற சொல். அதன் நேர்ப்பொருள் 'தின்னுதல்'. துரு இரும்பைத் தின்பதையும், எலியும் புழுவும் தானியத்தைத் தின்பதையும் அந்த ஒரே சொல் தாங்கும். யாக்கோபின் நிருபம் ஐந்தாம் அதிகாரத்தில் வருவது வேறு சொல். அது 'இயோஸ்'. அதே யாக்கோபு மூன்றாம் அதிகாரத்தில் நாவின் விஷத்தைக் குறிக்கவும் அதே சொல்லைத்தான் எடுக்கிறார். விஷமும் துருவும் அவருக்கு ஒரே சொல்!

பொன் துருப்பிடிப்பதில்லை என்பதை யாக்கோபின் காலத்து மக்களும் நன்றாக அறிவார்கள். தெரிந்தும் ஏன் பொன்னும் வெள்ளியும் துருப்பிடித்ததாக எழுதினார்? அடுத்த வசனத்தைப் பாருங்கள். வயலை அறுத்தவர்களுக்குக் கொடுக்காமல் பிடித்துவைத்த கூலியைப்பற்றி அது பேசுகிறது. புழங்காமல் பூட்டிவைத்த பணத்தின் துருவை அவர் நீதிமன்றத்திற்கு அழைத்துச் சாட்சிக்கூண்டில் நிறுத்துகிறார். துருவை அழிவு என்று சொன்னவர் பலர். அதைச் சாட்சி என்று அழைத்தவர் எனக்குத் தெரிந்து இவர்தான்.

சுவருக்குள் இருப்பது

இனி அந்தக் கூரைக் கறைக்கு வருகிறேன். நகரத்தில் அடுக்குமாடி வீடு வாங்கியிருப்பவர்களும், கடனுக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருப்பவர்களும் இதைக் கவனமாக வாசியுங்கள்.

கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி சாதாரணமாகத் துருப்பிடிக்காது. சிமெண்டின் காரத்தன்மை கம்பியின்மேல் ஒரு காப்புப் படலத்தை உண்டாக்கிவிடுகிறது. உப்பிலுள்ள குளோரைடு அந்தப் படலத்தைத் துளைத்துவிடும். கடல் மணலில் கட்டினால் உப்பை நாமே உள்ளே வைத்துக் கட்டுகிறோம் என்று பொருள். துரு, தான் பிறந்த இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும். உள்ளே இடமில்லாததால் அது கான்கிரீட்டைப் பிளக்கிறது. முதலில் கம்பியின் வழியே நூல்போல் ஒரு வெடிப்பு, பிறகு பழுப்புக் கறை, பிறகு ஒரு நாள் காரை பெயர்ந்து விழும். கறை வெளியே தெரியும்போது உள்ளே நடப்பது தொடங்கிப் பல ஆண்டுகள் ஆகியிருக்கும்.

கம்பிக்கும் வெளிப்பரப்புக்கும் இடையே கான்கிரீட் எவ்வளவு கனமாயிருக்கவேண்டும் என்பதற்கு இந்தியத் தர நிர்ணய விதி உண்டு. மேஸ்திரிகள் அதைக் 'கவர்' என்பார்கள். கடலோரச் சூழலில் அது குறைந்தது 45 மில்லிமீட்டர் இருக்கவேண்டும் என்கிறது 2000-ஆம் ஆண்டின் விதி. ஒரு கன மீட்டர் கான்கிரீட்டில் குளோரைடு 0.6 கிலோவுக்கு மேல் இருக்கலாகாது என்றும் சொல்லுகிறது. சென்ட்ரிங் பலகையின்மேல் கம்பி கட்டும்போது 'கவர் பிளாக்' வைத்திருக்கிறார்களா என்று நீங்கள் போய்ப் பார்க்கலாம். கான்கிரீட் போட்ட பிறகு பார்க்க முடியாது. கறை வந்த இடத்தில் மேலே சிமெண்டைப் பூசி வெள்ளையடிப்பது வீண். தளர்ந்த காரையைத் தட்டியெடுத்து, கம்பியைச் சுத்தமாகச் சுரண்டி, துருத்தடுப்பு பூசிய பின்பே மூடவேண்டும். கம்பி மெலிந்திருந்தால் பொறியாளரைக் காட்டாமல் மூடவே கூடாது.

நான் தங்கிய வீட்டுக்காரர் இராமநாதபுரம் பக்கத்திலிருந்து இளவயதில் கூலி வேலைக்கு வந்தவர். வாரந்தோறும் மிச்சம்பிடித்து, 1994-ல் அந்த வீட்டைக் கட்டினார். கறையைக் காட்டி, "ஒப்பந்தக்காரர் யாராவது ஏமாற்றிவிட்டாரா ஐயா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார்.

பெரிய ஆறுகள் இல்லாத அத்தீவுகளில் அந்நாளில் கட்டடத்திற்குக் கடற்கரை மணல்தான் வழக்கம். கரையைக் காக்கும்பொருட்டு அந்த மணல் எடுப்பதைப் படிப்படியாகக் குறைக்கும்படி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 2002-ஆம் ஆண்டு மே மாதத்தில்தான்.

"ஏமாற்ற யார் இருந்தார்கள் ஐயா? மணலை நான்தான் தலையில் சுமந்தேன். என் வீட்டுக்காரி சலித்துக் கொடுத்தாள். உப்பு என்ன செய்யும் என்று சொல்ல அன்றைக்கு ஆளில்லை" என்றார்.

சென்னையில் வேலையிலிருக்கும் மகன், வீட்டை விற்றுவிட்டு வந்துவிடும்படி அழைக்கிறானாம். கறையை வெள்ளையடித்து மறைத்து விற்க அவருக்கு மனமில்லை. வாங்குகிறவரின் பிள்ளைகளும் அந்தக் கூரையின்கீழ்தானே உறங்குவார்கள் என்றார். நான் புறப்பட்ட காலையில் முன்னறைச் சாமான்களெல்லாம் முற்றத்துக்கு வந்திருந்தன. அவர் ஏணியின்மேல் நின்று காரையைத் தட்டிக்கொண்டிருந்தார். அம்மா கீழே நின்று, விழுகின்ற துண்டுகளை முறத்தில் அள்ளிக்கொண்டிருந்தார்கள்.