மருந்தோடு மருந்து மோதினால் தசைக்குக் கேடு: ஏட்டில் உறங்கும் விதி

புதுடெல்லி: இருவேறு மருத்துவர்கள் எழுதித் தரும் மருந்துகள் உடலில் ஒன்றோடொன்று மோதினால் தசையே சிதையலாம். அதைத் தடுக்கும் விதி இருந்தும், நடைமுறையில் வலுப்பெறவில்லை.

ரத்தக் கொழுப்பைக் குறைக்கும் சிம்வாஸ்டாட்டினோடு, கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் மருந்தையும் உட்கொண்டால், முன்னதைச் சிதைக்கும் கல்லீரல் நொதி முடங்குகிறது. ரத்தத்தில் அதன் அளவு பெருகி, தசை சிதைந்து, சிறுநீரகமும் செயலிழக்கக்கூடும். கடும் தசைவலியும் கறுத்த சிறுநீரும் இதன் அறிகுறிகள்.

இதே வகையான செரிவாஸ்டாட்டினை, மரணங்களுக்குப் பின் 2001-ல் பேயர் நிறுவனம் திரும்பப் பெற்றது. ஜெம்ஃபைப்ரோசிலுடன் சேர்த்து உட்கொண்டோருக்கே ஆபத்து மிகுதியாக இருந்தது.

மருந்துகளுக்கிடையே மோதல் உண்டா எனச் சரிபார்க்கும் கடமையை, 2015-ஆம் ஆண்டின் மருந்தாளுநர் பணி விதிமுறைகள் பதிவுபெற்ற மருந்தாளுநருக்கு விதித்துள்ளன. பழைய சீட்டை நோயாளி காட்டாமலும், கடைக்காரர் கேட்காமலும் போனால், அவ்விதி ஏட்டளவிலேயே நிற்கும்.